பக்கத்து இருக்கையும் சேர்ந்து ஓட்டிய கார்: மறதிநோயும் ஓட்டும் தகுதியும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மறதிநோய் உள்ளவர் இனி வண்டி ஓட்டலாமா என்ற கேள்வி எங்கள் சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் எதையாவது இடித்த பிறகுதான் வருகிறது. ஓட்டுபவரை மட்டும் பார்த்திருந்தால் இந்த நிகழ்வில் தவறான முடிவுக்குப் போயிருப்போம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கவனித்த பிறகே நிலைமை விளங்கியது. அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன். குடும்பத்தினரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

அவருக்கு வயது 72. தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் உரிமம் எடுத்தவர். சொல்லிக்கொள்ளும்படியான விபத்து எதுவும் இல்லாமல் அத்தனை ஆண்டுகளும் ஓட்டியவர். கார் கியர் வண்டி. அதைத் துடைப்பதும் டயருக்குக் காற்று பார்ப்பதும் அவருடைய காலை வேலை. மனைவிக்கு வயது 67, வண்டி ஓட்டத் தெரியாது. மகன் அதே ஊரில் தனிக்குடித்தனம் இருக்கிறார். மகள் வெளியூரில்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மறதி கூடிவந்தது. கேட்டதையே திரும்பக் கேட்பார். ஒரே கட்டணத்தை இரண்டு முறை செலுத்திவிடுவார். மாத்திரை போட்டாயிற்றா இல்லையா என்பது தினசரி வாக்குவாதம். வயதானால் இதெல்லாம் இருக்கும் என்று வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். காரைப் பற்றி யாரும் பேசவில்லை. இரவில் ஓட்டுவதையும் நெடுஞ்சாலைக்குப் போவதையும் அவராகவே விட்டிருந்தார். அதை நிதானம் என்று குடும்பம் எடுத்துக்கொண்டது. ஓட்டும் தூரம் குறைவதும் சில சூழல்களை ஓட்டுநர் தானாகவே தவிர்ப்பதும் திறன் குறைவதன் அறிகுறிகளாக இருக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. குறைவாக ஓட்டுகிறார், ஆகவே ஆபத்தும் குறைவு என்ற கணக்கு எப்போதும் செல்லுபடியாகாது.

பம்பரின் இரு மூலைகளிலும் கீறல்கள் இருந்தன. பின்கதவில் ஓர் ஒடுக்கு. நிறுத்தியிருந்த இடத்தில் யாரோ உரசிவிட்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம். ஒவ்வொரு கீறலுக்கும் அந்த ‘யாரோ’தான் காரணம்.

மகளின் குறிப்பு

விடுமுறைக்கு வந்த மகள் ஒருநாள் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனார். பெற்றோர் வழக்கமாகப் போய்வரும் பாதை, அரை மணி நேரப் பயணம். அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவது மகளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்திருக்கிறது. சிறிது நேரத்தில் அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. கைப்பேசியை எடுத்து அம்மா சொல்வதையெல்லாம் அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். அந்தக் குறிப்பைத்தான் எங்களிடம் கொண்டுவந்தார். அதன் ஒரு பகுதி:

“பச்சை விழுந்துவிட்டது, போகலாம். முன்னால் பஸ் நிற்கிறது. சைக்கிள்காரரை விட்டுவிடுங்கள். அடுத்த திருப்பம், இது இல்லை, அடுத்தது. இப்போது திரும்பலாம், யாரும் வரவில்லை. கொஞ்சம் மெதுவாக. பள்ளிக்கூடம் வருகிறது.”

இப்படி இரண்டு பக்கம். இடையிடையே உறவினர் வீட்டுத் திருமணம், பேரனின் காய்ச்சல் என்று சாதாரணப் பேச்சும் கலந்திருந்தது. அப்பாவை ஓட்டவிடக் கூடாது என்பது மகளின் கட்சி. மகன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “அப்பாவிடம் சாவியை வாங்குவதும் அவரைக் கட்டிலில் படுக்க வைப்பதும் ஒன்றுதான்” என்றார். இருவரும் சேர்ந்துதான் அவரை அழைத்துவந்தார்கள். ஆனால் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முதல் சந்திப்பில் கண்டவை

மரியாதையான, நகைச்சுவை தெரிந்த மனிதர். காரைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படி ஓட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு, “எனக்கென்ன குறை? மற்றவர்கள்தான் கண்டபடி ஓட்டுகிறார்கள்” என்றார். பொய் சொல்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் திறன் குறைந்திருப்பதை உணரும் ஆற்றலையே இந்த நோய் பாதிக்கிறது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தான் பாதுகாப்பாக ஓட்டுவதாக நோயாளி தரும் மதிப்பீட்டை நம்பி முடிவெடுக்க முடியாது என்கிறது.

அதே வழிகாட்டுதல், பராமரிப்பவர் ‘பாதுகாப்பாக இல்லை’ என்று சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இங்கே பராமரிப்பவர் மனைவி. அவரைக் கேட்டபோது, “நன்றாகத்தான் ஓட்டுகிறார். எனக்குப் பயமே இல்லை” என்றார். கணவர் அருகில் இருந்ததால் அப்படிச் சொன்னாரோ என்று தனியாக அழைத்தும் கேட்டோம். பதில் மாறவில்லை. கடைசியாக அவர் தனியாக ஓட்டிப்போனது எப்போது என்று கேட்டதும் யோசித்தார். ஓராண்டுக்கு மேல் இருக்கும் என்றார். ஏன் தனியாக அனுப்புவதில்லை என்பதற்கு அவரிடம் தெளிவான காரணம் இல்லை. “வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், கூடப் போகிறேன்.” தான் வழி சொல்வதாகவோ எச்சரிப்பதாகவோ அவர் நினைக்கவே இல்லை. அது அவருக்குப் பேச்சுத் துணை.

சிக்கல் இங்கேதான் இருந்தது. இருவர் சேர்ந்து செய்யும் வேலையை ஒருவருடைய திறமை என்று அந்த வீடே நம்பியிருந்தது. பராமரிப்பவரின் கருத்தைக் கேட்டு முடிவெடுங்கள் என்ற நல்ல விதி, பராமரிப்பவரே ஓட்டுதலில் பாதியாக இருக்கும் இடத்தில் பயன்படாமல் போகிறது.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். பார்வைக் கூர்மையும் பார்வைப் புலமும் சரியாக இருந்தன. தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளில் குறை இல்லை. எம்ஆர்ஐ படத்தில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருந்தது. மொன்ட்ரியல் அறிவாற்றல் மதிப்பீட்டில் 30க்கு 19 எடுத்தார். அதில் வட்டம் வரைந்து, எண்கள் எழுதி, மணி பதினொன்று பத்து காட்டச் சொல்வோம். வட்டத்தையும் எண்களையும் அழகாகப் போட்டார். ஒரு முள்ளை 11க்கு நீட்டினார். இன்னொன்றைச் சற்றும் தயங்காமல் 10க்கு நீட்டினார். பத்து நிமிடம் என்றால் முள் 2இல் நிற்க வேண்டும் என்ற மாற்றத்தை மனம் செய்யவில்லை. காதில் விழுந்த எண்ணைக் கை நேராகப் பிடித்துக்கொண்டது. சாலையில் இதற்கு என்ன பொருள் என்பது பின்னால் தெரிந்தது.

எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கும் சோதனையில் மூன்று நிமிடம் அல்லது மூன்று பிழை என்பதை ஓட்டும் தகுதிக்கான எச்சரிக்கைக் கோடாகப் பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அவர் நான்கு நிமிடம் முயன்று, பாதியில் பென்சிலை வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அல்சைமர் வகை மறதிநோய், தொடக்க நிலை என்று மருத்துவர் முடிவு செய்தார். 0 முதல் 3 வரை போகும் மறதிநோய்த் தீவிர அளவுகோலில் 1.

மருந்துப் பை

மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பையைக் கொட்டியபோது இரண்டு மாத்திரைகள் கண்ணில் பட்டன. ஒன்று, அரிப்புக்காக எப்போதோ எழுதித் தந்து, பிறகு இரவுத் தூக்கத்துக்காகத் தொடர்ந்துவந்த குளோர்பெனிரமின். மற்றொன்று, சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின். இரண்டுமே மூளையில் அசிட்டைல்கோலின் வேலை செய்வதைத் தடுப்பவை. அல்சைமர் நோயில் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும் வேதிப்பொருள் அது. மயக்கமும் குழப்பமும் கூடுவதற்கு இவையே போதும்.

முதலாவதை மருத்துவர் நிறுத்தினார், இரண்டாவதை மாற்றினார். சில வாரங்கள் கழித்துப் பார்த்ததில் மதிப்பெண் 21க்கு ஏறியிருந்தது. பகலில் கண் அயர்வதும் குறைந்தது. மகனுக்குப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. சரிசெய்யக்கூடிய எதுவும் சரிசெய்யப்படாமல் மிச்சம் இருக்கும்போது ஒருவரின் உரிமத்தைப் பற்றி முடிவெடுப்பது நியாயமில்லை. அந்த அளவுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையாக இருந்தது. கடிகாரத்தின் முள் மட்டும் இரண்டாம் முறையும் 10இலேயே நின்றது.

இடைக்கால முடிவு

மருந்து மாற்றத்துக்கும் சாலைச் சோதனைக்கும் இடைப்பட்ட வாரங்களில் அவர் ஓட்டலாமா? இதுதான் முதல் கடினமான முடிவு. நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் நிறுத்தச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. மேலே சொன்ன அளவுகோலில் 1 என்ற நிலையில் இருப்பவர்கள் ஓட்டக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2000இல் சொன்னது. 2010இல் அந்தக் கருத்தை மேலும் நுணுக்கமாக்கியது: இந்தக் குழுவினருக்கு ஆபத்து கணிசமாகக் கூடுதல்தான், ஆனாலும் ஆய்வுகளில் இவர்களில் 76 சதவீதம் பேர் வரை சாலைச் சோதனையில் தேறியிருக்கிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால், பாதுகாப்பாக ஓட்டக்கூடிய பலரையும் சேர்த்து நிறுத்திவிடுவோம்.

இந்த மனிதரிடம் எண்ணுக்கு மேலும் சில இருந்தன. விளக்கம் இல்லாத கீறல்கள், தன் குறையை உணராமை, மகளின் இரண்டு பக்கக் குறிப்பு. சோதனை முடியும்வரை ஓட்டவேண்டாம் என்று மருத்துவர் எழுத்தில் கொடுத்தார். ‘மனைவியுடன் மட்டும் ஓட்டலாம்’ என்ற சமரசத்தை மகன் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மறுத்தோம். பக்கத்தில் இருப்பவர் சொல்லி, கேட்டவர் புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் சாலையில் நடக்க வேண்டியது நடந்துவிடும். தவிர, ஓட்டத் தெரியாத ஒருவர் மீது இரண்டு உயிர்களின் பொறுப்பையும், சாலையில் போகும் அத்தனை பேரின் பொறுப்பையும் ஏற்றுவது அது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. வாரக்கணக்கில் ஓட்டாமல் இருந்துவிட்டுச் சோதனைக்குப் போனால் கை பழக்கம் விட்டிருக்கும். அதனால் சோதனைக்கு முன் மூடிய மைதானத்தில் பயிற்றுநருடன் அவர் சிறிது நேரம் ஓட்டிப் பழக ஏற்பாடு செய்தோம்.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் மறதிநோய் கண்டறியப்பட்டவர் உரிமத் துறைக்குத் தானே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். கலிபோர்னியாவில் தெரிவிக்கும் கடமை மருத்துவருடையது. இந்த நிகழ்வில் மருத்துவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்குமாறு குடும்பத்திடம் சொன்னோம். நோயை மறைத்து ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைப்பதே கேள்விக்குரியதாகிவிடலாம்.

சாலைச் சோதனை

இரட்டை பிரேக் உள்ள பயிற்சிக் கார். முன்னால் பக்கத்து இருக்கையில் பயிற்றுநர், பின்னால், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மனைவி காரில் இல்லை. பயிற்றுநருக்கு ஒரே ஒரு கூடுதல் அறிவுரை தந்திருந்தோம்: எங்கே போகவேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்போது போகவேண்டும் என்பதைச் சொல்லாதீர்கள்.

மைதானத்தில் அவர் ஓட்டிய அழகைப் பயிற்றுநர் பிறகு வியந்து சொன்னார். கிளட்ச் விடுவதில் ஒரு குலுக்கல் இல்லை. கியர் மாறுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியவில்லை. ரிவர்ஸ் மட்டும் கோணியது. இதில் ஆச்சரியம் இல்லை. பல ஆண்டுகள் பழகிய கைகால் வேலைகள் மூளையில் வேறு இடங்களில் பதிந்திருக்கின்றன. அல்சைமர் நோய் அங்கே தாமதமாகத்தான் போகிறது. உளவியலாளர் ஜான் மிக்கான் 1985இல் ஓட்டுதலை மூன்று அடுக்காகப் பிரித்தார். எந்த வழியாகப் போவது என்று திட்டமிடுவது மேல் அடுக்கு. முந்தலாமா, நிற்கலாமா, இந்த இடைவெளி போதுமா என்று நொடிக்கு நொடி தீர்மானிப்பது நடு அடுக்கு. ஸ்டீயரிங், பிரேக், கியரைக் கையாள்வது கீழ் அடுக்கு. இவரிடம் கீழ் அடுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. வீட்டில் பார்த்துப் பெருமைப்பட்டதும் அதைத்தான். வண்டி குலுங்காமல் போனால் ஓட்டுபவர் நன்றாக ஓட்டுகிறார் என்றுதான் பயணிக்குத் தோன்றும்.

சாலைக்கு வந்த பிறகு நடந்ததைத் தெரபிஸ்டின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன். முதல் சிக்னலில் பச்சை எரிந்துகொண்டிருந்தபோதே வேகத்தைக் குறைத்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஹாரன் ஒலித்த பிறகு கிளம்பினார். இரண்டாவது சிக்னல் தாண்டித் திரும்புங்கள் என்ற அறிவுறுத்தலுக்கு முதல் சிக்னலிலேயே இண்டிகேட்டர் போட்டார். ரவுண்டானாவில் தாராளமான இடைவெளிகள் வந்தும் நகராமல் நின்றார். பின்னால் ஒரு வேன் நெருக்கியதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார். பயிற்றுநர் பிரேக்கை அழுத்த வேண்டியிருந்தது. சாலைப் பணிக்காகத் தடுப்பு வைத்து, அம்புக்குறிப் பலகை மாற்றிவிட்ட இடத்தில் பலகையைச் சத்தமாக வாசித்தார். சரியாகவே வாசித்தார். வாசித்துக்கொண்டே தடுப்பை நோக்கி நேராகப் போனார். பிரேக், இரண்டாம் முறை. கடிகாரத்தின் முள் எண் 10க்குப் போனதும் இதுவும் ஒரே கோளாறு என்று படிக்கும்போதே எனக்குப் பட்டது: செய்தி உள்ளே போகிறது, செயலாக மாறுவதில்லை.

பதிவேட்டின் ஓரத்தில் தெரபிஸ்ட் தனியாக எழுதியிருந்த குறிப்பு இதையெல்லாம் விட முக்கியமானது. ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் முகம் சாலையை விட்டு, பக்கத்து இருக்கையின் பக்கம் கால்வாசி திரும்பியது. பயிற்றுநரை அவர் பார்க்கவில்லை. கண் அவ்வளவு தூரம் போகவில்லை. காதைக் கொடுத்துக் காத்திருந்தார். எந்தக் குரலும் வராதபோது, நின்றார் அல்லது குருட்டாம்போக்கில் நகர்ந்தார்.

எதிரே வரும் வண்டிகளைக் கடந்து குறுக்கே திரும்பும் பகுதியைச் சோதிக்காமலே பயிற்றுநர் சோதனையை நிறுத்திவிட்டார். இறங்கும்போது அவர், “நன்றாகப் போயிற்று, இல்லையா?” என்று கேட்டார்.

முடிவும் அதைச் சொன்ன விதமும்

இனி ஓட்டக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. குறுகிய தூரம், பகல் வேளை, தெரிந்த பாதை என்று கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கலாமா என்பதையும் பேசினோம். திறன் சற்றுக் குறைந்திருக்கும் ஓட்டுநருக்கு அது பொருந்தலாம். இவருடைய குறை எதிர்பாராததைச் சமாளிப்பதில் இருந்தது. தெரிந்த தெருவிலும் குழந்தை குறுக்கே ஓடிவரும்.

யார் சொல்வது என்பது அடுத்தது. மகள் தானே சொல்வதாக முன்வந்தார். வேண்டாம் என்றோம். சொல்பவர்மீது கோபம் விழும். நோயாளி சொன்ன காரணத்தை மறந்த பிறகும் கோபம் மறக்காது. நாளெல்லாம் கூட இருக்க வேண்டிய குடும்பத்தினர் அதைச் சுமக்கக் கூடாது. மருத்துவர் அவரைத் தன் மேசைக்கு அருகில் உட்காரவைத்துப் பேசினார். கேள்வியாக முன்வைக்கவில்லை, பேரம் பேசவும் இடம் தரவில்லை. “ஐயா, இத்தனை ஆண்டுகளும் நீங்கள் யாருக்கும் ஒரு கீறல்கூடப் படாமல் ஓட்டியிருக்கிறீர்கள். இப்போது நோய் காரணமாகச் சாலையில் முடிவெடுக்கும் வேகம் குறைந்துவிட்டது. இனி நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது” என்றார். அவர் மனைவியைப் பார்த்து, “நீ சொன்னாயா?” என்று கேட்டார். மருத்துவர் உடனே, “சொன்னது நான். சோதனை செய்தவர்கள் நாங்கள்” என்றார். வந்த கோபம் மருத்துவர்மீதுதான் திரும்பியது. நாங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பிறகு ஒரு கடிதம் கொடுத்தோம். பெரிய எழுத்தில், மருத்துவரின் கையெழுத்துடன்:

“மருத்துவக் காரணத்தால் நீங்கள் இனி எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. இது மருத்துவர்கள் எடுத்த முடிவு. உங்கள் மனைவியோ பிள்ளைகளோ எடுத்தது அல்ல. சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள்.”

அதைச் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே ஒட்டச் சொன்னோம். முதல் வாரங்களில் தினமும் சாவியைத் தேடிவருவார், படிப்பார், “இந்த டாக்டருக்கு என்ன தெரியும்” என்பார், போய்விடுவார். மனைவி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கார் பழுதாகிவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று மகன் கேட்டிருந்தார். நோய் முற்றிய நிலையில் அப்படிச் செய்யும் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். இவரோ வாழ்நாள் முழுவதும் இயந்திரங்களோடு பழகியவர்; பழுது என்றால் பானெட்டைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

மாற்றுச் சாவி

இரண்டு மாதம் அமைதியாகப் போனது. ஒருநாள் காலை மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் காரும் அவரும் வீட்டில் இல்லை. அலமாரி இழுப்பறையில் பழைய ரசீதுகளுக்கு அடியில் இருந்த மாற்றுச் சாவி அவர் கையில் கிடைத்திருக்கிறது. மகன் தேடிக் கிளம்பினார். பழைய தொழிற்சாலையின் வாசலில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டியில் புதிய கீறல் எதுவும் இல்லை.

இது எங்களுக்கு எதிரான சான்றாக வந்து நின்றது. “தனியாக ஓட்டிப்போய்ப் பத்திரமாகச் சேர்ந்துவிட்டாரே!” என்று மகன் கேட்டார், அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நியாயமான கேள்வி. பதில் சாலைச் சோதனையிலேயே இருந்தது. பணிக்காலம் முழுவதும் தினமும் போன பாதை அது. காலை நேரம், கூட்டம் இல்லை, தடுப்பு இல்லை, யாரும் குறுக்கே வரவில்லை. அவர் பாதுகாப்பாக ஓட்டினார் என்பதை விட, அன்று சாலை அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பதே சரி. சேர்ந்த இடத்தில் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததையும் மகனுக்கு நினைவூட்டினோம். அன்று மாலையே மகன் காரைத் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சில மாதங்களில் அது விற்கப்பட்டது. உரிமத்தையும் குடும்பத்தினர் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஓட்டாத மாதங்கள்

ஓட்டுவதை நிறுத்தும் முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 2016இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு சொல்கிறது. இவருக்கும் சோர்வு வந்தது. சாப்பாடு குறைந்தது, நண்பர்கள் வீட்டுக்குப் போவதை விட்டார். “யாரிடமும் போய் என்னைக் கூட்டிப்போ என்று கேட்க மாட்டேன்” என்றார். கேட்கவேண்டிய நிலையே வராதபடி செய்வதுதான் வழி. வாரத்தில் இரண்டு நாட்கள், குறிப்பிட்ட நேரத்தில், அவர் கேட்காமலே ஒரு வாடகைக் கார் வந்து நிற்க மகள் ஏற்பாடு செய்தார். ஓட்டுநரும் பெரும்பாலும் ஒருவரே. ஞாயிறு மகனுடைய பொறுப்பு. கார் வைத்திருந்தபோது ஆன எரிபொருள், காப்பீடு, பராமரிப்புச் செலவைக் கூட்டிப் பார்த்ததில் வாடகைக்கு அது பெருமளவு ஈடுகொடுத்தது. காலை வேலை இல்லாமல் போனதுதான் அவருக்குப் பெரிய இழப்பு என்று மனைவி கண்டுபிடித்தார். மகனுடைய காரை ஞாயிறுதோறும் துடைத்து, டயரின் காற்றைப் பார்த்துத் தரும் வேலை அவருக்கு வந்தது. மனநிலை மெல்லத் திரும்பியது, முழுமையாகத் திரும்பவில்லை.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதச் சந்திப்பில், வாடகைக் காரில் ஏறியதும் தனக்குத் தூக்கம் வந்துவிடுவதாகச் சொன்னார், ஏதோ குற்றம் போல.

இதன் பிறகு மாற்றியவை

முதல் சந்திப்பின் கேள்வித்தாளில் ‘வாகனம் ஓட்டுகிறாரா’ என்ற ஒரு வரிதான் இருந்தது. இப்போது கடைசியாகத் தனியாக ஓட்டியது எப்போது, கூடப் போவது யார், போகும் வழியில் அவர் என்னென்ன சொல்வார் என்ற கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. மூன்றாவதை நேராகக் கேட்டால் பதில் வராது, சொல்பவருக்கே தெரியாது. அதனால் வீட்டில் வேறொருவரைப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, ஒரு பயணத்தில் காதில் விழுவதை எழுதிவரச் சொல்கிறோம். சொற்கள் ‘எங்கே’ என்பதோடு நின்றால் பெரிய கவலை இல்லை. வழி சொல்வது எல்லா வீட்டிலும் உண்டு. ‘நில்’, ‘போ’, ‘இப்போது’ என்று வர ஆரம்பித்தால் சாலைச் சோதனைக்கு அனுப்புகிறோம்.

சோதனையின்போது பயிற்றுநர் மௌனம் காக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாகியிருக்கிறது. உதவும் குணமுள்ள பயிற்றுநர்கள் தங்களை அறியாமலே ஒரு வார்த்தை கொடுத்துவிடுகிறார்கள்.

மாற்றுச் சாவிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பதை முடிவு சொல்லும் நாளிலேயே கேட்கிறோம். போக்குவரத்து ஏற்பாட்டை அதற்கும் முன்பே பேசிவிடுகிறோம். இந்த வீட்டில் அது சோர்வு வந்த பிறகுதான் நடந்தது.

தேறியவர்களுக்கும் அது நிரந்தரச் சான்றிதழ் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இடையில் ஏதாவது நடந்தால் அப்போதே, மறுபடியும் பார்க்கிறோம். மறதிநோயாக இன்னும் முற்றாத, லேசான அறிவாற்றல் குறைவோடு வருபவர்களிடம், ‘எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவேன், யார் சொன்னால் கேட்பேன்’ என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறோம். இவருக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தது.

மற்ற வகை நோய்களுக்கு இந்த நிகழ்வை அப்படியே பொருத்த முடியாது. லூயி பாடி என்ற மறதிநோய் வகையில் ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறிமாறி வரும். ஒரு காலைச் சோதனையில் தேறியது மாலைக்கு உத்தரவாதம் ஆகாது. மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் வகையில் நினைவு நன்றாகவே இருந்து, கட்டுப்பாடும் பொறுமையும் போயிருக்கும். மதிப்பெண் நன்றாக வரும், சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவார்.

இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களை எப்படிச் சோதிப்பது என்பதற்கு எங்களிடம் இன்னும் நல்ல வழி இல்லை. அதில் இரண்டாவது பிரேக் வைக்க முடியாது. பின்னால் உட்காருபவர் சொல்வது ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்பதில்லை; பெரும்பாலும் பின்னால் யாரும் இருப்பதும் இல்லை. இப்போதைக்கு மைதானச் சோதனையையும் மேசைச் சோதனைகளையும் வைத்து, சந்தேகம் என்றால் நிறுத்தச் சொல்கிறோம்.